வால் ஸ்ட்ரீட்டில் 1873 பீதிப் படம்: லென்ஸ் இல்லாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்

நியூயார்க்கில் பழைய அச்சுப்படத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டாலே வயிறு எரிகிறது. வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒற்றைத் தாள், 140 டாலராம். அதற்கு மேல் 8.875 சதவீத விற்பனை வரி வேறு. ஏன் இவ்வளவு என்று கேட்டால், "கலரைப் பாருங்கள்" என்கிறார் கடைக்காரர். ஏமாற்றே அந்தக் கலரில்தான் இருக்கிறது.

நசாவ் தெரு 20-ஆம் எண், ஃபோர்த் நேஷனல் பேங்க் வாசலில் போட்ட பணத்தை எடுக்க முண்டியடிக்கும் கூட்டம்: இதுதான் படம். ஃபிராங்க் லெஸ்லி நடத்திய படப் பத்திரிகையில், 1873 அக்டோபர் 4 இதழில் வந்தது. 1873 பீதி என்பது, வங்கிகளில் போட்ட பணம் போய்விடுமோ என்று மக்கள் பதறிய நிதி நெருக்கடி. செப்டம்பர் 18-ல் ஜே குக் கம்பெனி திவாலானதுதான் அதன் தொடக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அரசின் கடன் பத்திரங்களை நாடு முழுக்க விற்றுக் கொடுத்த கம்பெனி அது. நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் பத்திரங்களை விற்க முடியாமல் சிக்கிக்கொண்டது. 20-ஆம் தேதி பங்குச்சந்தையையே மூடினார்கள். 30-ஆம் தேதிதான் திறந்தது. நார்தர்ன் பசிபிக்கின் தண்டவாளம் டகோட்டாவின் பிஸ்மார்க் ஊரோடு நின்றுபோனது. ஜெர்மன்காரர்களின் முதலீட்டை இழுக்கத்தான் ஊருக்கே அந்த ஜெர்மன் தலைவரின் பெயர்! இவ்வளவு கூட்டம் மொய்த்த ஃபோர்த் நேஷனல் மட்டும் விழவில்லை என்பது தனிக் கூத்து.

அசலா என்று பார்க்க முதலில் சட்டகத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். தாள் சுமார் 16-க்கு 11 அங்குலம் இருக்கும். ஓரம் வெட்டியிருந்தால் சிறுக்கும். பின்பக்கத்தில் பத்திரிகைச் செய்தியோ வேறு படமோ அச்சாகியிருக்க வேண்டும். வெறும் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, பத்து மடங்கு லென்ஸ். இந்தப் படம் மரச்செதுக்கு அச்சு, அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. அதில் நிழல்கூடக் கோடுகளால்தான் வரும். குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு.

லென்ஸை மெதுவாக நகர்த்தினால் ஓர் அழகு சிக்கும். படத்தின் குறுக்கே, ஒருவரின் கோட்டை அறுத்துக்கொண்டு, மயிரிழை அளவில் வெள்ளைக் கோடு நேராக ஓடும். கிழிசல் இல்லை, இணைப்பு. படம் செதுக்கப் பயன்படும் பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. அதனால் சிறு சிறு கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு இணைத்து, மேலே படம் வரைந்து, பிறகு பிரித்து ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கக் கொடுப்பார்கள். மறுபடி பூட்டியபின் விளிம்புக் கோடுகளை ஒட்டவைப்பது தலைமைச் செதுக்கரின் வேலை. அவசரத்தில் விட்ட இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

கலருக்கு வருவோம். பத்திரிகை வந்தது கறுப்பு வெள்ளையில். நீலக் கோட்டும் சிவந்த கன்னமும் பின்னாளில் யாரோ தூரிகையால் பூசியவை. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். தாள் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தாலும் உஷார். தேநீரில் முக்கியும் பழசாக்குவார்கள். தானாகப் பழுப்பேறிய தாளில் பெரும்பாலும் ஓரங்கள்தான் அதிகம் கறுத்திருக்கும்.

இடத்தைப் பார்க்க 4 அல்லது 5-ஆம் எண் சப்வேயில் வால் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் போதும். சுமார் 3 டாலர்தான். டாக்ஸி வேண்டவே வேண்டாம். நசாவ் தெரு அங்கிருந்து நடை தூரம். கட்டடங்கள் மாறிவிட்டன, இப்போதுள்ள பங்குச்சந்தைக் கட்டடமே 1903-ல் வந்தது. ஆனால் தெருவின் குறுகல் அப்படியே இருக்கிறது. ஆயிரம் பேர் கூடினால் மூச்சு முட்டும் என்பது அங்கே நின்றால் புரியும். 1857 பீதியை வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று ஐந்தாம் அவென்யூ, 103-ஆம் தெருப் பக்கமுள்ள நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கையில் காசு குறைவா? இந்தப் படத்தின் ஸ்கேன் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசம். காப்புரிமைச் சிக்கலும் இல்லை.

அசலையே வாங்குவதென்றால் சுருட்டாதீர்கள். மடிப்புள்ள இடத்தில் தாள் விண்டுவிடும். அமிலமில்லா அட்டை இரண்டுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். செலோடேப் ஆகவே ஆகாது, அதன் பசை கறையாக இறங்கிவிடும். வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.