கூடாரத்துக்குள் நான்கு வாரம்

மார்ச் 2, திங்கள்

இன்று இரவு முதல் கூடாரத்தில் படுக்கை. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டி இன்னும் நன்றாக ஓடத்தான் இந்த ஏற்பாடு. கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் கூடாரம். பக்கத்தில் ஓர் இயந்திரம், ஆக்சிஜன் குறைந்த காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். நான் மீட்டரில் 15 வைத்திருக்கிறேன். சுமார் 2,600 மீட்டர் உயர மலையில் படுத்தது மாதிரி.

ஓட்டமெல்லாம் வெளியே, வழக்கமான காற்றில். வாரம் இருமுறை மட்டும், அதே ஆக்சிஜன் குறைந்த காற்றைத் தரும் முகமூடி போட்டுக்கொண்டு ட்ரெட்மில். மேலே தங்கிக் கீழே ஓடும் இந்த முறையை ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-ல் சோதித்துக் காட்டினார்கள்: 2,500 மீட்டரில் வாசம், 1,250 மீட்டரில் கடும் பயிற்சி, நான்கு வாரம். அவர்களுடைய ஓட்டக்காரர்கள் நிஜ மலையில் இருந்தார்கள். எட்டு மணி நேரத் தூக்கம் மட்டும் போதாது, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள். ஆகவே லேப்டாப்பும் கூடாரத்துக்குள் வந்துவிட்டது.

மார்ச் 4, புதன்

தலைவலி. இரவில் மூன்று முறை ஜிப்பைத் திறந்து பாத்ரூமுக்குப் போனேன். விரலில் மாட்டும் மீட்டர் ரத்த ஆக்சிஜன் 91 சதவீதம் என்று காட்டியது.

சிறுநீர் இப்படிப் போவதற்கும் ஹார்மோன்தான் காரணம். ஆக்சிஜன் குறைந்தால் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் இறங்குகிறது. உப்போடு நீரும் போகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குகிறது. இந்த நேரத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். புதிதாக ஒரு செல்கூட வந்திருக்காது. குழம்பு வற்றினால் உப்புக் கரிக்கிற கதை.

நிஜமான வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது. ஹிஃப் என்ற புரதத்தை உடல் ஓயாமல் தயாரித்து, ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கிறது. அழிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் தப்பிப் பிழைத்து, சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது. இந்த ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறி, ஓரிரு நாளில் உச்சம் தொட்டு, அப்புறம் இறங்கிவிடும். அதாவது என் உச்சம் ஏறக்குறைய இன்றைக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைவலி மட்டும்தான்.

மார்ச் 7, சனி

முதல் முகமூடி ஓட்டம். வழக்கமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். ஆனால் நாடித்துடிப்பு 14 கூடுதல், ஆக்சிஜன் அளவு 85. பத்தாவது நிமிடத்தில் முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தம் தவிர எதுவும் காதில் விழவில்லை.

வேகம் அதே என்றாலும் உடலுக்கு இது அதே வேலை இல்லை. அதனால்தான் அழுத்த ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசாலும் கூடுதலாக ஏறுகின்றன. ஓடும்போது சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் கார்டிசால் ஏற்றம் கொஞ்சம் தணியும். விலை உயர்ந்த எந்தச் சத்து மாத்திரை டப்பாவையும்விட இதை நம்பலாம். சிக்கல் என்னவென்றால், ஆக்சிஜன் குறைவும் கடும் ஓட்டமும் பசியைத் தூண்டும் கிரெலினை அமுக்கிவிடுகின்றன. வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றவில்லை.

குறைந்த ஆக்சிஜனில் எடை தூக்கினால் வளர்ச்சி ஹார்மோன் எகிறும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எகிறுவது உண்மையாகவே இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஏறி இறங்கும் ஹார்மோனால் தசை வளர்ந்துவிடாது.

மார்ச் 12, வியாழன்

அலமாரியில் ஆறு டப்பா. இந்த நான்கு வாரத்துக்கு நிஜமாகவே தேவைப்படுவது ஒன்றுதான்: இரும்பு. எரித்ரோபொய்ட்டின் ஆணை போடலாம், இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் எதில் செய்வது?

வாசலில் காவல் நிற்பது ஹெப்சிடின் என்ற கல்லீரல் ஹார்மோன். அது ஏறினால் குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வராது. ஓடி முடித்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் அது ஏறுகிறது. கூடாரமோ அதை இறக்கப் பார்க்கிறது. ஒன்று கதவைச் சாத்துகிறது, இன்னொன்று திறக்கிறது. போதாததற்கு, இரும்பு மாத்திரை போட்டாலே ஒரு நாள் முழுக்க ஹெப்சிடின் உயர்ந்திருக்கும். அதனால் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஓட்டம் முடிந்த கையோடு, காவல்காரர் வருவதற்கு முன் போட்டுவிடுகிறேன். காபி அப்புறம்தான். ஆரம்பத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு, 38 இருந்தது, டாக்டர் சொல்லித்தான் தொடங்கினேன். இருப்பு நிறைய உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது; அதிகமான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. ஃபெரிட்டின் 14. காலை கார்டிசால் எல்லைக்கு மேலே. இரண்டு வாரம் மாத்திரை போட்டும் பாதிக்குக் கீழே! பயிற்சி அளவுக்கு மீறிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். இரும்பை இரட்டிப்பாக்கலாம் என்று மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தும் விட்டேன்.

மார்ச் 18, புதன்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். ஒரே கேள்விதான் கேட்டாள்: "அண்ணா, முடிக்குன்னு ஏதாவது மாத்திரை போடுறியா?"

போடுகிறேன். பயோட்டின் என்ற வைட்டமின், 10 மில்லிகிராம். ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். நான் விழுங்குவது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல்.

அவள் விளக்கியது இது. பல பரிசோதனைகளில் பயோட்டினைத்தான் பசை மாதிரி வைத்து, ஆன்டிபாடியைச் சோதனைப் பரப்பில் ஒட்டுகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும், சமிக்ஞை குறையும். ஃபெரிட்டின் சோதனையில் சமிக்ஞை குறைந்தால் அளவு குறைவு என்று அர்த்தம். கார்டிசால் சோதனை தலைகீழ், குறைந்த சமிக்ஞையை அது கூடுதல் ஹார்மோன் என்று படிக்கும். ஆகவே ஒன்று பொய்யாக இறங்கியது, மற்றொன்று பொய்யாக ஏறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. ரத்தம் எடுத்த இடத்தில் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

பயோட்டினை நிறுத்தி ஐந்து நாள். நேற்று ஓடவில்லை, இன்று காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்குவது, நேரம் மாறினால் ஒப்பிட முடியாது. மாலையே ரிப்போர்ட்: ஃபெரிட்டின் 41, கார்டிசால் எல்லைக்குள். இளம் சிவப்பணுக்கள் சற்றே கூடியிருக்கின்றன. பிறந்தநாள் மாதிரி இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

கடைசி இரவு முடிந்தது. வைட்டமின் சி, ஈ டப்பாக்களைத் திறக்கவே இல்லை. பயிற்சியில் உருவாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் தசைக்குச் செய்தியும் சொல்கின்றன. பெரிய அளவில் இந்த வைட்டமின்களைப் போட்டால் அந்தச் செய்தி மங்கிப்போகிறது என்று 2009-ல் ரிஸ்டோ குழு காட்டியது. பீட்ரூட் சாறு இரண்டு முறை குடித்தேன். அதன் நைட்ரேட்டை உடலுக்குப் பயன்படும்படி மாற்றித் தருவது வாயிலுள்ள பாக்டீரியா; மவுத்வாஷ் கொப்பளிப்பவர்களுக்குப் பலன் போய்விடும்.

காலையில் இயந்திரத்தை நிறுத்திக் கூடாரத்தை மடித்தேன். பயோட்டின் டப்பாவில் இன்னும் 22 மாத்திரை மிச்சம். முடி கொட்டுவதும் நிற்கவில்லை.