கியூபக் கரும்புத் தோட்டத்தில் வெளிநாட்டுத் தொண்டர்கள்

சர்க்கரை ஆலையொன்றில் கரும்பு அலுவலராக இருந்த எனக்கு, கியூபாவின் 1970-ஆம் ஆண்டு அரவைப் பருவத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, வெட்டுவதற்கு ஆள் எங்கே என்பதுதான். அமெரிக்கா 1960-இல் தன் சர்க்கரைக் கொள்முதலை வெட்டிவிட்ட பிறகு சோவியத் ஒன்றியத்தை நம்பியிருந்த அந்நாடு, ஒரே பருவத்தில் ஒரு கோடி டன் சர்க்கரை எடுப்பதென்று இறங்கியது. ஆனால் புரட்சிக்குப் பின் வேறு வேலை கிடைத்த வெட்டாட்கள் பலர் அந்தத் தொழிலையே விட்டுப் போயிருந்தார்கள். சே குவேரா அமைச்சராக இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதியமின்றி உழைத்துப் பழக்கிய நாடு என்பதால், நகரத்து ஊழியர்களும் மாணவர்களும் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1969-இன் கிறிஸ்துமஸ் விடுமுறைகூட அறுவடைக்காகக் கைவிடப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க இடதுசாரி மாணவர்கள் கரும்பு வெட்ட உதவும் ‘வென்செரேமோஸ்’ (‘வெல்வோம்’) என்ற தொண்டர் படையணியைத் தொடங்கினார்கள். தங்கள் அரசின் பயணத் தடையை மீறி, மெக்சிகோ வழியாக வந்த முதல் அணியில் 216 பேர்.

புதியவர் கையில் வெட்டுக்கத்தி கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியும். சர்க்கரை அதிகம் நிற்கும் அடிக்கரும்பு கட்டையோடு தங்கிவிடும், கொழுந்தாடை, அதாவது கரும்பின் நுனிப்பகுதி, சரியாகக் கழிக்கப்படாமல் ஆலைக்கு வரும், கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பில் கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், இறங்கும். பருவ முடிவில் கிடைத்தது சுமார் 85 லட்சம் டன். அதுவரை காணாத விளைச்சல்தான். ஆனாலும் இலக்கு தவறியதை காஸ்ட்ரோவே மக்கள் முன் ஒப்புக்கொண்டார். படையணியோ அதன் பிறகும் தொடர்ந்தது. அப்படியானால் கரும்பு ஒரு முகாந்திரம் மட்டுமே என்று எனக்குத் தோன்றும்.

பணி ஓய்வுக்குப் பின், வெளிநாட்டுத் தொண்டர்களுக்காக 1972-இல் நிறுவப்பட்ட கியூபாவின் கைமித்தோ பன்னாட்டு முகாமுக்கு நானும் தொண்டனாகப் போனேன். கரும்பு வெட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், கையில் களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நாங்கள் மேலோடு செதுக்கிவிட்டுப் போன கோரையை, பின்னால் வந்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவர், முகம் சுளிக்காமல், கிழங்கோடு தோண்டியெடுத்தபடி வந்தார். மதியத்துக்கு மேல் வயல் வேலை கிடையாது. மருத்துவமனை, பள்ளி, தொழிற்சங்கக் கூட்டம் என்று அழைத்துச் சென்றார்கள். எங்கள் களையெடுப்பின் மதிப்பை அவர்கள் எங்களைவிடச் சரியாகவே கணித்திருந்தார்கள்.