சந்தியாகப்பர் வழியில் ஒரு சைக்கிள்

என் தாத்தாவின் பெயர் சந்தியாகு. கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் தெருவுக்கு நாலு சந்தியாகு இருப்பார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்பதும், அங்கே இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவரான யாகப்பரின், அதாவது சந்தியாகப்பரின், கல்லறை இருப்பதாக நம்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நடந்து போகிறார்கள் என்பதும் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் வழிகள் பல. நான் தேர்ந்தெடுத்தது வடக்கு வழி. பிரான்ஸ் எல்லையில் உள்ள இரூன் நகரில் தொடங்கி, கடலை விட்டும் விடாமலும் 800 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 2015-இல் யுனெஸ்கோ இதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடந்து முடிக்க ஒரு மாதமாவது வேண்டும். எனக்கு அவ்வளவு விடுப்பு இல்லை. மலை சைக்கிளை எடுத்தேன். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் பெற, நடப்பவர்கள் கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்திருக்க வேண்டும். சைக்கிளில் போனால் 200 கிலோமீட்டர். சைக்கிள்காரனின் புண்ணியத்துக்குப் பாதி விலைதான் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சராவுட்ஸிலிருந்து தெபா வரை, ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிகிற வேலை என்று நினைத்தேன்.

முதல் நாலு கிலோமீட்டர் என் கர்வத்துக்குத் தீனி போட்டது. மலையடிவாரத்தை ஒட்டிய சாலை. அதன் ஓரமாகக் கடலைப் பார்த்தபடி நடைபாதை. கீழே பாறையில் அலை மோதும் சத்தம். முதுகுப்பையில் யாத்திரையின் அடையாளமான சிப்பி தொங்க யாத்திரிகர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்து மணியடிப்பேன். அவர்கள் ஒதுங்கி, 'புவென் கமீனோ' என்பார்கள். வழி நல்லபடியாக அமையட்டும் என்ற வாழ்த்து. ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். மணிச் சத்தத்தில் திடுக்கிட்டுத் தடுமாறினார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டபடியே போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கெட்டாரியா மீனவர் ஊர். மெகெல்லனோடு 1519-இல் புறப்பட்டு, அவர் வழியில் இறந்த பிறகு, மிஞ்சிய ஒரே கப்பலில், தன்னோடு சேர்த்து 18 பேராக, 1522-இல் உலகைச் சுற்றித் திரும்பிய எல்கானோ இந்த ஊர்க்காரர். அவருக்குச் சிலைகள் இருக்கின்றன. நான் நின்றது சான் சல்வதோர் கோவிலில். கிபுஸ்கோவா மாகாணத்தின் முதல் பொதுச்சபை 1397-இல் கூடிய இடம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் உள்ளே நுழைந்ததும் பெருமையெல்லாம் மறந்து, கால்தான் முதலில் விழித்துக்கொண்டது. தரை சமமாக இல்லை! சரிவான தரையில் பெஞ்சுகளும் சாய்வாக நிற்கின்றன. காற்றில் ஒரு பக்கம் சாய்ந்த வள்ளத்தில் நிற்பது போலிருந்தது. பீடத்துக்கு அடியிலேயே துறைமுகத்துக்கு இறங்கும் சந்து ஒன்று போகிறது. பூசை நடக்கும்போதே கீழே மனிதர்கள் மீன்கூடையோடு போயிருப்பார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு இதைவிட நெருக்கமாகக் கோவில் கட்ட முடியாது.

என் சைக்கிள் காலணியின் அடியில் இரும்புக் கொக்கி உண்டு. ஒவ்வோர் அடிக்கும் கோவில் முழுவதும் 'டக், டக்' என்றது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி திரும்பிப் பார்த்தார். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர்க் கோவிலில் செய்வதுதானே! அவர் என் காலுறையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் எந்த மொழியில் சொன்னாரோ, எனக்கு விளங்கவில்லை. பத்து முறை ஒரே தாளத்தில் வந்ததால், அருள்நிறை மரியே என்பது மட்டும் தெரிந்தது. நான் தமிழில் சேர்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஏற்றம். கெட்டாரியாவிலிருந்து அஸ்கிசு என்ற சிற்றூருக்கு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பழைய கல்பாவிய பாதை போகிறது. கற்கள் யாத்திரிகர் பாதத்துக்குப் போடப்பட்டவை, டயருக்கு அல்ல. மிகச் சிறிய கியரிலும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். பதினான்கு கிலோ சைக்கிள், அதன் மேல் ஆறு கிலோ மூட்டை. பின்னால் ஊன்றுகோல் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. அந்தப் பெரியவர்தான்! என்னைத் தாண்டும்போது நின்று, சைக்கிள் இருக்கையைத் தட்டிக்கொடுத்து, "உங்கள் கழுதைக்குக் களைப்பா?" என்று கேட்டார். அவரிடம் மணி இல்லை, இருந்திருந்தால் அடித்திருப்பார்.

சுமாயாவில் கடலுக்கு மேலே, பாறை விளிம்பில், சான் தெல்மோவின் சிறு கோவில். 1246-இல் காலமான இந்தத் தொமினிக்கன் துறவிதான் ஸ்பானிய மாலுமிகளின் பாதுகாவலர். கோவிலுக்குக் கீழே இட்சுருன் கடற்கரையில், மண்ணும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிந்து, பிறகு நிமிர்ந்துபோன பாறை அடுக்குகள். ஓலைச்சுவடிக் கட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்தது போல இருக்கும். டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கோடும் இந்தக் கரையில்தான் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் இங்கே வந்து படிக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை பிடிபடவில்லை. தாத்தா கடலுக்குப் போன இரவுகளில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. கோவில் கதவுக்கு வெளியே நின்று அவர்கள் இருவருக்குமாகவும் ஒரு ஜெபம் சொன்னேன்.

எலோரியாகாவைத் தாண்டிய இறக்கத்தில் விழுந்தேன். முந்தைய இரவு மழை. களிமண் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. சுற்றத் தொடங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. இடது முழங்கையில் தோல் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் ஐந்து நிமிடம் சேற்றில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணை நோண்டி நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் மணியடித்து ஒதுக்கிய ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் நின்றார்கள். ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிவிட்டார். பக்தியைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சேறு இல்லை.

இட்ஸியாரில் மாதா கோவில். 13-ஆம் நூற்றாண்டின் சுரூபம். குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் மரத்தாய். கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொண்ட மாதா. நான் ஒன்றும் கேட்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும் கையில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு ஏற்றலாமா என்று யோசித்து, துடைக்காமலே ஏற்றினேன்.

அங்கிருந்து தெபாவுக்கு நெட்டிறக்கம். சைக்கிளில் ஏறவே இல்லை. ஊருக்குள் இறங்கும் கடைசிச் செங்குத்துக்குப் பொது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். யாத்திரையில் லிஃப்ட் ஏறுவது முறையா என்று கேட்பவர்கள் அந்த இறக்கத்தில் இருபது கிலோவைத் தாங்கிப் பிடித்துவிட்டுக் கேட்கட்டும்.

யாத்திரிகர் விடுதியில் படுக்கை முதலில் நடந்து வருபவர்களுக்கு, மிஞ்சினால்தான் சைக்கிள்காரர்களுக்கு. பல விடுதிகளில் இதுதான் வழக்கம். மாலை வரை காத்திருக்கச் சொன்னார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாந்தா மரியா கோவிலுக்குப் போனேன். அதன் உள்வாசலில் அப்போஸ்தலர்களின் கற்சிலைகளுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நூற்றாண்டுகள் போன பிறகும் சிவப்பும் நீலமும் மங்கி மங்கி நிற்கின்றன. பன்னிரண்டு பேரில் சந்தியாகப்பர் யார் என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஏழாவது முகத்துக்கு வந்தபோது பின்னால் ஊன்றுகோல் சத்தம்.

"படுக்கை இருக்கிறதாம், கடைசி ஒன்று," என்றார் பெரியவர். "கழுதைக்குத்தான் வெளியே இடம்."