பொமரேனியன் குட்டி: முதல் ஒரு வருடத்தைத் தாண்டுவது எப்படி

தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வளர்ந்ததும் சாதாரணமாக ஐந்து கிலோவைத் தாண்டும், நம் வெயிலையும் ஓரளவு தாங்கும். அசல் பொமரேனியனுக்கு அமெரிக்க கென்னல் கிளப் வகுத்திருக்கும் எடை 1.4 முதல் 3.2 கிலோ. ஸ்பிட்ஸ் வளர்த்த பழக்கத்திலேயே இதையும் வளர்க்கப் போனால் சிக்கல்தான்.

இந்த நாய்க்குப் பெயர் தந்த பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா, இன்று போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கும் பகுதி. 1767இல் ராணி சார்லட் இங்கிலாந்துக்கு வரவழைத்த நாய்கள் இப்போதிருப்பவற்றைவிட நன்றாகப் பெரியவை. 1888இல் விக்டோரியா ராணி ஃப்ளாரன்ஸில் வாங்கிய மார்கோ என்ற நாயின் எடை ஏறக்குறைய 5.4 கிலோ. அந்தச் சின்ன நாய் மேல் அவருக்கு இருந்த பிரியத்தால்தான் சிறிய பொமரேனியனுக்கு மவுசு கூடியது. அதற்குப் பின் உருவம் பாதியாகக் குறைந்துவிட்டது. உடம்பு சுருங்கிய வேகத்தில் பல்லும் எலும்பும் மூச்சுக்குழாயும் ஈடுகொடுக்கவில்லை. முதல் வருடத்தில் வரும் தொல்லைகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. 'டீகப் பொம்' என்று தனி இனமே கிடையாது. அளவுக்கு மீறிச் சிறுத்த குட்டிக்கு வைக்கும் விற்பனைப் பெயர் அது. அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்கவே கூடாது. வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் பெரிய ஆபத்து ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது. சின்னக் கல்லீரலில் சேமிப்பு குறைவு, தசையும் குறைவு. ஒரு வேளை சாப்பாடு தவறினாலோ, குளிர் பட்டாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ தள்ளாடும், கண் மங்கும், சில நேரம் வலிப்பும் வரும். உடனே குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தேய்க்க வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஈறில் தேய்த்தது வழிக்கு மட்டும்தான் தாங்கும். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு வேளை என்று சாப்பாடு கொடுத்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

வளர்ந்தபின் நிலைமை தலைகீழ். இரண்டரைக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 220 கலோரிதான். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொன்று கொடுத்தால் கிட்டத்தட்ட பாதி நாள் சாப்பாடு முடிந்துவிட்டது. குழம்பிலோ சாம்பாரிலோ பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய வெங்காயம் இந்த எடைக்கு விஷ அளவைத் தொட்டுவிடும்.

பல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து, ஆறு மாதத்தில் வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பால் கோரைப்பல் விழாமலேயே நிரந்தரப் பல் முளைத்து, ஒரே இடத்தில் இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும். மேல் தாடையில் புதுப்பல் பால்பல்லுக்கு முன்னால் வரும். கீழ்த் தாடையில் உட்புறமாக வந்து அண்ணத்தில் குத்தும். இடுக்கில் சாப்பாடும் முடியும் சேர்ந்து நாறும். தானாக விழும் என்று காத்திருப்பது வீண். கையால் ஆட்டிப் பிடுங்கினால் வேர் உள்ளே உடையும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதே சரி. நாய்க்கான பற்பசையால் தினமும் தேய்க்கப் பழக்குவதும் இந்த வயதில்தான் எளிது. நம் பற்பசை ஆகாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு.

கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்கக் கூடாது. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் பலவீனமாக இருந்தால் அழுத்தத்தில் தட்டையாகும். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வரும். மார்பைச் சுற்றும் ஹார்னெஸ் போதும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை இந்த இருமலைக் கிளப்பிவிடும்.

ஓடும்போது நாலைந்து எட்டு ஒரு பின்காலைத் தூக்கி நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் அது விளையாட்டு இல்லை. முழங்கால் சில்லு இடம் விலகித் திரும்புகிறது. டைல்ஸ், கிரானைட் தரையில் வழுக்கினால் நிலைமை மோசமாகும். நடமாடும் பாதையில் வழுக்காத பாய் விரித்து, பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டிவிடுங்கள். சோபாவிலிருந்து குதித்து முன்கால் எலும்பு முறிவதும் சகஜம். அந்த மெல்லிய எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாளாகும்.

இனி முடி. நாலு மாதத்திலிருந்து குட்டி முடி கொட்டி, நாய் எலும்பும் தோலுமாக, நரி முகத்தோடு நிற்கும். அது இயல்பு, மருந்து தேவையில்லை. வாரம் மூன்று முறை நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, இடது கையால் முடியை மேலே ஒதுக்கித் தோல் வெளுப்பாகத் தெரியும் வகிடு எடுங்கள். அந்த வகிட்டிலிருந்து கீழ்நோக்கி பிரஷ் செய்து, ஒரு விரல் அகலம் மேலே ஏறி அடுத்த வகிடு. கடைசியில் சீப்பு தடையில்லாமல் வேர் வரை இறங்க வேண்டும். மேலோட்டமாக வாரினால் வெளியே பளபளப்பு, உள்ளே சிக்கு. காதுக்குப் பின்னும் முன்கால் அக்குளிலும் தொடைப் பின்புறத்திலும்தான் முதலில் சடை விழும். குளிப்பாட்டினால் அடிமுடி முழுக்கக் காயும்வரை குளிர்காற்று டிரையர் போடுங்கள். ஈரம் தங்கினால் தோல் வெந்து புண்ணாகும்.

வெயிலுக்கு மொட்டை அடிப்பது நல்லது என்று கடையில் சொல்வார்கள், விடாதீர்கள். இந்த இனத்தில் ஒட்ட வெட்டிய முடி பல மாதம் வராமலேயே போகலாம். திட்டுத் திட்டாகத்தான் திரும்பலாம். வெப்பத்துக்கு வழி மின்விசிறி, குளிர்ந்த தரை, காலை ஏழு மணிக்குள் நடை. மூச்சிரைப்பு நிற்காவிட்டால் வயிற்றையும் பாதங்களையும் நனைத்து விசிறிக் காற்றில் வைத்தபடியே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, பதினாறாவது வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போகும். சின்ன நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசி போட்டால் ஒவ்வாமை வாய்ப்பு கூடும். வெறிநோய் ஊசியை வேறு தேதியில் கேளுங்கள், போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். உண்ணி மருந்தை அதன் எடைக்கான அளவிலேயே வாங்க வேண்டும், பெரிய நாயின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். அடர்ந்த முடிக்குள் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.