பூட்டு இருந்தாலும் விரல் வெளியேதான்

கைத்துப்பாக்கி சுடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு ஒரு சிறு உலோக நெம்புகோல்தான். தேய்ந்துபோகவோ, உறையில் உரசி நம்மை அறியாமல் விலகிவிடவோ கூடிய அதை நம்பி, குழல்வாயை ஒருவர் பக்கம் திருப்புவதையும் விசையில் விரல் வைப்பதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியில், கட்டைவிரலால் பூட்டைக் கீழே அழுத்தினால் அது விலகும். பெரெட்டா 92எஃப்எஸ் என்னும் மற்றொரு கைத்துப்பாக்கி வகையிலோ மேலே தள்ள வேண்டும். இரண்டையும் மாறி மாறிக் கையாள்பவரின் கட்டைவிரல் பதற்றத்தில் எந்தப் பழக்கத்தைப் பின்பற்றும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒரே வகையை வைத்துக்கொண்டு, தோட்டா இல்லாமல் பலமுறை பழகுவதே நல்லது என்று கருதுகிறேன்.

தோட்டாவை அகற்றும் நேரத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். மேற்சொன்ன 1911 வகையில் பூட்டு போட்டிருக்கும்போது ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி, நகராது. ஆகவே பூட்டை விலக்கிய பிறகே அறையை, அதாவது சுடப்படவிருக்கும் தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதியை, காலிசெய்ய முடியும். விரல் விசை வளையத்துக்கு வெளியே நீண்டிருக்க, குழல்வாய் பாதுகாப்பான திசையை நோக்க, முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடைப் பின்னிழுத்துப் பிடித்து, தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்த பின்னும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் உறுதிசெய்கிறேன். இந்த வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.