மட்டுவில் அம்மனுக்குப் பங்குனித் திங்கள் பொங்கல்

யாழ்ப்பாணத்தில் பங்குனி பிறந்தால் திங்கட்கிழமைகளில் சனம் மட்டுவிலுக்குத்தான் போகும். சாவகச்சேரிப் பக்கம் போகிற பஸ்களில் விடியற்காலையிலேயே நிற்க இடமிராது. மார்ச் நடுப்பகுதி தொடங்கிச் சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் வருகிற திங்கள்கள் எல்லாம் அங்கே கண்ணகியாகக் கும்பிடுகிற பன்றித்தலைச்சி அம்மனுக்கு உரியவை. வெயில் ஏறி அம்மை நோய் பரவுகிற காலம் இது. அதனால்தான் பிள்ளைகளைக் காத்துத் தா என்று நேர்ந்து, ஒருபொழுது இருந்து, பொங்கிப் படைக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோவில் வீதி முழுக்கப் புகை. மரநிழல் இருந்த இடமெல்லாம் ஏற்கெனவே அடுப்புகள். பெரியம்மா ஒரு மூலையில் இடம் பிடித்து, கூட்டித் தண்ணீர் தெளித்து, மூன்று கல் வைத்தார். அதற்கு முன்பே கேணியில் கால், முகம் கழுவித் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டோம். ஈரச் சேலையோடு நேரே அடுப்படிக்கு வருகிற பெண்களும் இருந்தார்கள்.

புதுப் பானைக்குத் திருநீறும் குங்குமமும் வைத்து, பாலும் தண்ணீரும் விட்டு, பனைமட்டையும் தென்னம்பாளையும் வைத்து மூட்டினோம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கண் எரிந்தது. பால் நுரைத்துக் கழுத்துவரை வந்ததும் நான் அகப்பையை எடுத்தேன். “கிளறாதை பிள்ளை, பொங்கட்டும். எந்தப் பக்கம் சரியுது எண்டு பாப்பம்” என்றார் பெரியம்மா. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பக்கத்து அடுப்பில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவும் எங்களோடு சேர்ந்து “அம்மாளாச்சி!” என்று கும்பிட்டார். அப்புறம் பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் போனது. மட்டுவில் என்றால் கத்தரிக்காய்க்குப் பேர்போன ஊர். அந்தக் கத்தரிக்காயில் ஒரு கறியும் வைத்தோம்.

இந்தக் கோவிலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பூசையை ஐயர் செய்வார், சரி. ஆனால் அவளுக்கு உலை வைக்கிறது நாங்கள். வாழையிலையில் புக்கையை, அதாவது அந்தப் பொங்கலைப் படைத்து, வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தும்போது, வீட்டில் ஒருவருக்குச் சோறு போட்டுவிட்டு முன்னால் நிற்கிற உணர்வுதான் வருகிறது.

கண்ணகி மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்து, முல்லைத்தீவில் இருக்கிற வற்றாப்பளைக்குப் போகிற வழியில் தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று என்று சாவகச்சேரியைச் சுற்றியுள்ள தென்மராட்சிப் பகுதியில் சொல்வார்கள். களவாக மாட்டை அறுத்து மாட்டிக்கொண்ட ஒருவன் அம்மாளைக் கூப்பிட்டு அழ, தேடி வந்தவர்களின் கண்ணுக்கு மாட்டுத்தலை பன்றித்தலையாகத் தெரிந்தது என்பது பெயர்க்கதை. குற்றம் செய்தவன் அழுதாலும் கேட்கிற தாய் என்றுதான் அந்தக் கதையை நான் பிடித்துவைத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோவில்கள் பிறகு வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. மட்டுவிலில் சனம் இன்னும் அவளைக் கண்ணகியாகவே வைத்துக் கும்பிடுகிறது. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடவேண்டும்.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானது, தென்மராட்சிச் சனம் ஊரை விட்டு ஓடியது. அந்த ஓட்டத்தில் வைத்த நேர்த்திகளை இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். உச்சிவெயிலில் பாற்செம்போடு வந்தவர்கள், முதுகில் செடில் கொக்கி குத்திக் காவடி எடுத்தவர்கள், சுடுமணலில் பிரதட்டை உருண்டவர்கள் என்று கூட்டம் குறையவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெடியன் வெறுங்காலோடு நடக்க முடியாமல் துள்ள, தகப்பன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதி சுற்றினார். தண்ணீர்ப்பந்தல்காரர் எல்லோரையும் மறித்து மறித்து மோர் கொடுத்தார்கள்.

பூசை முடிந்ததும் பக்கத்து அடுப்பு அம்மா தன் புக்கையில் ஒரு கரண்டி எங்கள் இலையில் வைத்தார். நாங்களும் கொடுத்தோம். அவருடையதில் பனங்கட்டி போட்டிருந்தார், எங்களுடையதைவிட நல்ல ருசி. அடுத்த திங்களுக்குப் பனங்கட்டிதான் என்று பெரியம்மா அங்கேயே முடிவெடுத்துவிட்டார். திரும்பும் வழியில் கச்சான் (நிலக்கடலை) கடையில் நின்று, வீட்டுக்கு ஒரு பையும் அயலுக்கு ஒரு பையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.