கார்பன் ஃபைபர் தகடு: சேலத்து வெயில், ஏற்காட்டு மூடுபனி, உப்புத் தண்ணீர்

ஏற்காட்டில் ஒரு கூரைமேல் காற்றுமானியைத் தாங்க ஒரு கை வேண்டும். அதைச் செய்யுமுன், அதற்கான கார்பன் ஃபைபர் தகட்டைத் துண்டு போட்டு வாட்டிப் பார்த்த குறிப்பு இது.

தகடு 30 செ.மீ. சதுரம். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் (சாய்கோட்டு நெசவு) கார்பன் துணி 8 அடுக்கு, தடிமன் சுமார் 2 மி.மீ. துணி 144 கிராம், எல்.ஒய். 556 எபாக்சி பிசின் 160 கிராம்; அதை இறுக வைக்கும் எச்.ஒய். 951 ஹார்டனர் 16 கிராம். இதை இரண்டு தவணையாகப் பிரித்து, அகலத் தட்டில் கலக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் மதியத்தில் மொத்தத்தையும் ஒரே கப்பில் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிடும். ஏற்காட்டில் தொல்லை வேறு: மூடுபனி நாளில் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுப் பிசுக்காகப் படியும், அடுத்த கோட் ஒட்டாது. நேராக உப்புத்தாள் போட்டால் பிசுக்கு இன்னும் அப்பிக்கொள்ளும். முதலில் வெந்நீர்க் கழுவல், பிறகுதான் தேய்ப்பு.

24 மணி நேரம் கழித்து சூடேற்றல். அலுமினியத் தாள் ஒட்டிய பிளைவுட் பெட்டி, 100 வாட் குண்டு பல்பு இரண்டு. அரை மணிக்கு 10 டிகிரி வீதம் 80 வரை ஏற்றி, 4 மணி நேரம் நிறுத்தியது. அவசரப்பட்டால் தகடு கோணிக்கொள்ளும். இதைச் செய்யாத பிசின் 60 டிகிரியை ஒட்டியே இளகும். மொட்டை மாடி வெயிலில் கறுப்புத் தகடு அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். இரு முனையிலும் செங்கல், நடுவில் எடை என்று வெயிலில் வைத்ததில் சூடேற்றாத துண்டு தொய்ந்து அப்படியே நின்றது. சூடேற்றியது நிமிர்ந்தே இருக்கிறது. பளபளப்பு மட்டும் இரண்டிலும் போச்சு. புற ஊதா இழையை ஒன்றும் செய்யாது, அடிவாங்குவது பிசின். இரண்டு பாகப் பாலியூரித்தேன் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) போதும். வெள்ளை பெயிண்ட் அடித்தால் சூடும் குறையும், அழகு போனாலும் பரவாயில்லை.

உண்மையான பகை போல்ட் போட்ட இடத்தில்தான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்துத் தினமும் தெளித்ததில், அலுமினிய பிராக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி, அலுமினியம் கரையும். அலுமினியத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தது இன்னும் மோசம்: ஒரே கீறலில் அரிப்பு முழுதும் குவிந்து குழி விழுந்தது. முக்கியமாக மூட வேண்டியது கார்பன் பக்கத்தை.

இப்போதைய அமைப்பு: தொடும் முகத்தில் கண்ணாடி இழைத் துணி ஓரடுக்கு, துளைக்குள் நுழையும் நைலான் குழல் (புஷ்), நைலான் வாஷர், 316 ஸ்டெயின்லெஸ் எம்4 போல்ட். துளை போட்டதும் உள்விளிம்பில் பிசின் தடவ வேண்டும். வெட்டுப்பட்ட இழையோரம் ஈரம் ஏறும்.

ஏற்காட்டில் தாழ்வாரத்துக்கு வெளியே தொங்கும் துண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் ‘டிங்’. துளைக்குப் பிசின் தடவாத ஒன்றில் மட்டும் துளையைச் சுற்றி ‘தொப்’, அதாவது உள்ளே அடுக்கு பிரிந்ததன் அடையாளம். அடுத்த தட்டல் வடகிழக்குப் பருவமழை முடிந்து.